நீக்க மறுக்கும் புளூடூத் விசைப்பலகை: எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது?

உங்கள் கேள்வியின் சாரம் இது. விண்டோஸ் 11 உள்ள டெஸ்க்டாப் கணினியில், யுஎஸ்பி துளையில் செருகிய சிறிய புளூடூத் அடாப்டர் வழியாக ஒரு விசைப்பலகையைப் பயன்படுத்தி வந்தீர்கள். அதைத் தங்கையின் டேப்லெட்டுக்குக் கொடுத்துவிட விரும்புகிறீர்கள். ஆனால் செட்டிங்ஸில் 'ரிமூவ் டிவைஸ்' என்பதை அழுத்தினால் சில நேரம் 'ரிமூவ் ஃபெயில்டு' என்று வருகிறது. சில நேரம் பெயர் மறைந்து, சற்றுப் பொறுத்து மீண்டும் பட்டியலில் வந்து நிற்கிறது. இரவு கணினியை அணைத்துவிட்டுக் காலையில் போட்டாலும் அதே நிலைதான். விசைப்பலகையில் மூன்று கருவிகளுக்கான மாற்று விசைகள் இருக்கின்றன என்றும், வீட்டில் வேறு விசைப்பலகை இல்லை என்றும் குறிப்பிட்டிருக்கிறீர்கள்.

இந்தச் சிக்கலில் பெரும்பாலோர் கணினியோடு மட்டுமே மல்லுக்கட்டுகிறார்கள். பேரிங், அதாவது இரண்டு கருவிகளை ஒன்றோடொன்று பிணைப்பது, ஒரே இடத்தில் எழுதப்படும் பதிவு அல்ல. முதன்முறை இணையும்போது கணினியும் விசைப்பலகையும் தங்களுக்குள் 128 பிட் அளவுள்ள ரகசியச் சாவி ஒன்றை உருவாக்கி, எதிர்ப்பக்கத்தின் 48 பிட் முகவரியோடு சேர்த்து, தத்தம் நினைவகத்தில் தனித்தனியே வைத்துக்கொள்கின்றன. மளிகைக் கடைக்காரர் நோட்டிலும் வாடிக்கையாளர் நோட்டிலும் எழுதிய ஒரே கடன் கணக்கைப் போன்றது இது. ஒருவர் தன் நோட்டில் அடித்துவிட்டதால் மற்றவர் நோட்டில் அது அடிபட்டுவிடாது. பழைய வகைப் புளூடூத் விசைப்பலகைகளுக்கான விதிமுறையில் 'வர்ச்சுவல் கேபிள் அன்பிளக்' என்றொரு செய்தி உண்டு. ஒரு பக்கம் அதை அனுப்பினால் மறுபக்கமும் தன் பதிவை விட்டுவிட வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் இரண்டும் இணைப்பில் இருந்தால்தான் அது போய்ச் சேரும். இப்போது விற்கும் லோ எனர்ஜி (குறைந்த மின்சக்தியில் இயங்கும் புளூடூத்) வகை விசைப்பலகைகளின் விதிமுறையில் அந்தச் செய்தியே கிடையாது. ஆகவே நீக்குவது என்பது இரண்டு பக்கங்களிலும் தனித்தனியே செய்ய வேண்டிய இரண்டு வேலைகள். ஒரு பக்கத்தில் அழிக்கும்போது மறுபக்கம் வாய் திறக்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் கீழே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

வேலையைத் தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. உங்களிடம் வேறு விசைப்பலகை இல்லை. டெஸ்க்டாப்பில் இருப்பதையும் நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால், உள்நுழையும் திரையில் கடவுச்சொல்லைத் தட்ட வழியின்றி நிற்பீர்கள். எப்படியும் அந்தக் கணினிக்கு வேறொரு விசைப்பலகை தேவைப்படப் போகிறது. எனவே கம்பி உள்ள சாதாரண யுஎஸ்பி விசைப்பலகை ஒன்றை இப்போதே வாங்கியோ, பக்கத்து வீட்டில் கேட்டோ செருகிக்கொள்ளுங்கள். அது முடியாவிட்டால், உள்நுழையும் திரையின் வலப்பக்கக் கீழ் மூலையில் உள்ள ஆக்சஸிபிலிட்டி குறியை மவுஸால் அழுத்தி, திரையிலேயே தோன்றும் விசைப்பலகையில் கடவுச்சொல்லைத் தட்டலாம். மவுஸும் புளூடூத் என்றால் இந்த வழியை நம்பாதீர்கள். கீழே சொல்லும் சில படிகளில் புளூடூத் முழுவதுமே சிறிது நேரம் நின்றுபோகும்.

உங்களுடையது உண்மையிலேயே புளூடூத் விசைப்பலகைதானா என்பதையும் ஒருமுறை பாருங்கள். கணினியில் செருகியிருக்கும் சிறு துண்டு பொதுவான புளூடூத் அடாப்டராக இருக்கலாம், அல்லது விசைப்பலகையோடு பெட்டியில் வந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவராக இருக்கலாம். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் அடிப்படையில் வேறானவை. ரிசீவர் என்றால் பேரிங் அந்த ரிசீவருக்குள்ளேயே இருக்கிறது. விண்டோஸுக்கு அது கம்பி போட்ட யுஎஸ்பி விசைப்பலகையாகவே தெரியும். செட்டிங்ஸில் அதை எத்தனை முறை நீக்கினாலும், செருகியிருக்கும்வரை மீண்டும் வந்துகொண்டேதான் இருக்கும். லாஜிடெக் நிறுவனம் 2009-ல் கொண்டுவந்த யூனிஃபையிங் ரிசீவர் (ஆரஞ்சு நிறக் குறி போட்டது) 6 கருவிகள்வரை நினைவில் வைத்துக்கொள்ளும். அதிலிருந்து ஒன்றை நீக்க அந்த நிறுவனத்தின் மென்பொருளுக்குள்தான் போக வேண்டும். 2021-ல் வந்த போல்ட் ரிசீவருக்கும் இதே நடைமுறைதான். விலை மலிவான ரிசீவர்கள் பலவற்றில் விசைப்பலகையும் ரிசீவரும் தொழிற்சாலையிலேயே பிணைக்கப்பட்டுவிடுகின்றன. அவற்றைப் பிரிக்க வழியுமில்லை, பிரிக்கத் தேவையுமில்லை, ரிசீவரைப் பிடுங்கி விசைப்பலகையோடு சேர்த்துக் கொடுத்துவிட்டால் போதும். உங்கள் விசைப்பலகையில் மூன்று மாற்று விசைகள் இருப்பதாலும், செட்டிங்ஸில் அதன் பெயர் புளூடூத் கருவியாக வருவதாலும், அது புளூடூத்தான் என்று எடுத்துக்கொண்டு மேலே போகிறேன்.

முதலில் செய்ய வேண்டியது மிக எளியது. ஆனால் பலரும் இதைத் தலைகீழாகவே செய்கிறார்கள். விசைப்பலகையின் சுவிட்சை அணையுங்கள். சுவிட்ச் இல்லாத வகையென்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். செட்டிங்ஸில் அதன் பெயருக்குக் கீழே 'கனெக்டட்' என்பது 'பேர்டு' அல்லது 'நாட் கனெக்டட்' என்று மாறும்வரை காத்திருந்து, அதன் பிறகு 'ரிமூவ் டிவைஸ்' கொடுங்கள். இது ஏன் வேலை செய்கிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது. பழைய வகைப் புளூடூத்தில் விசைப்பலகையில் ஏதாவதொரு விசையை அழுத்தியதும் அதுவே கணினியைக் கூப்பிடும். லோ எனர்ஜி வகையில் விசைப்பலகை 'நான் இங்கே இருக்கிறேன்' என்று அறிவிக்கும். கணினி அதைக் கேட்டதும் தானே போய் இணைத்துக்கொள்ளும். எந்த வகையானாலும், விசைப்பலகை உயிரோடு இருக்கும்போது நீக்கினால், விண்டோஸ் ஒரு கையால் டிரைவர்களை (கருவியை இயக்க உதவும் மென்பொருள்களை) கழற்றும் அதே நொடியில் மறு கையால் புதிய இணைப்பை ஏற்கத் தொடங்குகிறது. கழற்றும் வேலை பாதியில் நின்றுபோகும்போதுதான் நீங்கள் பார்த்த பிழைச் செய்தி வருகிறது. மேசை மேல் கிடக்கும் விசைப்பலகையின் மீது ஒரு புத்தகம் சாய்ந்து ஏதோ ஒரு விசையை அழுத்திக்கொண்டிருந்தால்கூட இது நடக்கும்.

அப்படியும் நீங்கவில்லையென்றால் கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இரவு அணைத்துக் காலையில் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது ரீஸ்டார்ட் ஆகாது. விண்டோஸ் 8 முதல் வந்திருக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற ஏற்பாடு, ஷட் டவுன் கொடுக்கும்போது இயங்குதளத்தின் உட்கருவையும் அதனோடு டிரைவர்களின் நிலையையும் வட்டில் அப்படியே எழுதிவைத்து, காலையில் அதை எடுத்து விரித்துவிடுகிறது. நேற்று இரவு சிக்கிக்கொண்டிருந்த புளூடூத் டிரைவர் இன்று காலையும் அதே சிக்கலோடுதான் எழுந்திருக்கும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் அது நடக்காது. எல்லாம் புதிதாக ஏற்றப்படும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தாலும் முழுமையாக அணையும். உங்களுடையது யுஎஸ்பி அடாப்டர் என்பதால் இன்னொன்றையும் சேர்த்துச் செய்யுங்கள்: பல டெஸ்க்டாப்களில் கணினி அணைந்திருக்கும்போதும் யுஎஸ்பி துளைக்கு 5 வோல்ட் போய்க்கொண்டேயிருக்கும், ஆகவே முழுமையாக அணைத்தபின் அடாப்டரைப் பிடுங்கி, அரை நிமிடம் கழித்து அதே துளையில் செருகிவிட்டுக் கணினியைப் போடுங்கள். விசைப்பலகை இத்தனை நேரமும் அணைந்தே இருக்கட்டும்.

என் கணிப்பில், உங்கள் கணினியில் சிக்கல் இந்த இடத்திலேயே தீர்ந்துவிட வேண்டும். தீராவிட்டால் இரண்டு சந்தேகங்கள் மிஞ்சுகின்றன. விசைப்பலகை நிறுவனத்தின் மென்பொருள் எதையாவது நிறுவியிருந்தால், அது பின்னணியில் இயங்கிக்கொண்டு, பேட்டரி அளவைக் கேட்பதற்காகவும் விசைகளின் பயனை மாற்றுவதற்காகவும் விசைப்பலகையைத் தன் பிடியில் வைத்திருக்கலாம். திரையின் மூலையில் உள்ள அதன் குறியை வலது கிளிக் செய்து மூடுங்கள், குறி இல்லையென்றால் டாஸ்க் மேனேஜரில் தேடி நிறுத்துங்கள். மற்றொன்று, விண்டோஸின் சேவைகள். ஸ்டார்ட் மெனுவில் 'சர்வீசஸ்' என்று தேடித் திறந்து, 'புளூடூத் சப்போர்ட் சர்வீஸ்', 'டிவைஸ் அசோசியேஷன் சர்வீஸ்' ஆகிய இரண்டையும் வலது கிளிக் செய்து ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டு உடனே நீக்கிப் பாருங்கள். இரண்டாவதாகச் சொன்ன சேவைதான் இணைந்த கருவிகளின் பட்டியலைப் பராமரிப்பது என்பதால், புளூடூத் சேவையை மட்டும் தட்டி எழுப்புவதில் பாதிப் பயன்தான் உண்டு.

அடுத்தது டிவைஸ் மேனேஜர். ஸ்டார்ட் பொத்தானை வலது கிளிக் செய்தால் கிடைக்கும். அதைத் திறந்து, மேலே 'வியூ' மெனுவில் 'ஷோ ஹிட்டன் டிவைசஸ்' என்பதைக் கொடுத்தால், தற்போது இணைப்பில் இல்லாத கருவிகள் மங்கிய குறிகளோடு தோன்றும். இங்கே கவனிக்க வேண்டியது, உங்கள் விசைப்பலகை ஓரிடத்தில் மட்டும் இருக்காது என்பது. 'புளூடூத்' பகுதியில் அதன் பெயர் இருக்கும். அதே பகுதியில் அதன் துணைச் சேவைகள் தனித்தனி வரிகளாக இருக்கும். 'ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ்' பகுதியில் ஒன்று, 'கீபோர்ட்ஸ்' பகுதியில் 'ஹெச்ஐடி கீபோர்ட் டிவைஸ்' என்ற பொதுப்பெயரில் இன்னொன்று. பெயரை மட்டும் பார்த்து எது யாருடையது என்று சொல்ல முடியாது. சந்தேகமான வரியை வலது கிளிக் செய்து, 'ப்ராப்பர்ட்டீஸ்' உள்ளே 'டீடெய்ல்ஸ்' தாவலில், 'டிவைஸ் இன்ஸ்டன்ஸ் பாத்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். புளூடூத் பகுதியில் உள்ள வரி என்றால், 'டெவ்' (DEV) என்ற எழுத்துகளையும் ஓர் அடிக்கோட்டையும் அடுத்து எண்களும் எழுத்துகளும் கலந்த 12 இடங்கள் வரும்; அதுதான் விசைப்பலகையின் முகவரி, 48 பிட் என்று மேலே சொன்னது. 'கீபோர்ட்ஸ்' பகுதியில் உள்ள வரி என்றால், பாதையின் நடுவில் 00001812 என்றோ 00001124 என்றோ தொடங்கும் நீண்ட எண் இருக்கிறதா என்று பாருங்கள். முன்னது லோ எனர்ஜி விசைப்பலகைக்கும் பின்னது பழைய வகைக்கும் உரிய அடையாளம். இரண்டும் இல்லாமல் யுஎஸ்பி விவரம் இருந்தால் அது நீங்கள் புதிதாகச் செருகிய கம்பி விசைப்பலகை, அதைத் தொட வேண்டாம். மவுஸுக்கும் அதே எண்கள் வரும் என்பதால், புளூடூத் மவுஸ் வைத்திருப்பவர்கள் முகவரியையும் ஒப்பிட்டுப் பார்த்தே கை வைக்க வேண்டும்.

அடையாளம் கண்டபின், 'கீபோர்ட்ஸ்' பகுதியில் தொடங்கி, 'ஹியூமன் இன்டர்ஃபேஸ்' வழியாக, கடைசியில் 'புளூடூத்' பகுதியில் உள்ள பெயர்வரை ஒவ்வொன்றாக 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். புளூடூத் அடாப்டரையே அன்இன்ஸ்டால் செய்தால் எல்லாப் பேரிங்கும் அழிந்துவிடும் என்று பலர் அறிவுரை சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி அழிவதில்லை. சாவிகள், விண்டோஸ் தன் அமைப்பு விவரங்களை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில், அடாப்டரின் முகவரியின் கீழ் சேமிக்கப்பட்டிருக்கின்றன. அதே அடாப்டர் திரும்பி வந்ததும் பழைய உறவுகளும் கூடவே திரும்பி வரும். அந்த வேலை டிரைவர் கெட்டிருந்தால் உதவும், பிடிவாதமான பெயரை நீக்க உதவாது.

இத்தனைக்கும் அசையாத பெயரை அகற்ற ரெஜிஸ்ட்ரிக்குள் போகத்தான் வேண்டும். ரெஜிஸ்ட்ரியில் தவறான இடத்தில் கை வைத்தால் கணினியே தொடங்காமல் போகலாம் என்பதால், நீங்களே துணியாவிட்டால் பழக்கமுள்ள ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். 'ரெஜிஸ்ட்ரி எடிட்டர்' என்று தேடி, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, 'ஹெச்கீ லோக்கல் மெஷின்' என்பதன் கீழ் 'சிஸ்டம்', அதனுள் 'கரண்ட் கண்ட்ரோல் செட்', 'சர்வீசஸ்', 'பிடிஹெச்போர்ட்' (BTHPORT), 'பாராமீட்டர்ஸ்', 'டிவைசஸ்' என்று வரிசையாக இறங்குங்கள். அங்கே ஒவ்வொரு கருவிக்கும் 12 இடங்கள் கொண்ட ஒரு கோப்புறை இருக்கும். உங்களுடையது எது என்பதை டிவைஸ் மேனேஜரில் குறித்துவைத்த முகவரியைக் கொண்டு கண்டுபிடிக்கலாம். உறுதிப்படுத்த, கோப்புறையின் உள்ளே பெயருக்கான பதிவை இரட்டை கிளிக் செய்யுங்கள். இடப்பக்கம் இரண்டிரண்டு எண்களாக ஓடும், வலப்பக்க ஓரத்தில் விசைப்பலகையின் பெயர் எழுத்து எழுத்தாக வாசிக்கக் கிடைக்கும். முதலில் அந்தக் கோப்புறையை வலது கிளிக் செய்து 'எக்ஸ்போர்ட்' கொடுத்து நகல் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு அதை மட்டும் நீக்கிவிட்டு, மீண்டும் ரீஸ்டார்ட். அருகிலேயே 'கீஸ்' என்றொரு பிரிவு உண்டு. ரகசியச் சாவிகள் இருப்பது அங்கேதான். அட்மினிஸ்ட்ரேட்டருக்குக்கூட விண்டோஸ் அதன் உள்ளடக்கத்தை வழக்கமாகக் காட்டாது, நீங்கள் அதைத் திறக்க முயலவும் வேண்டாம். பின்னாளில் அதே விசைப்பலகையை மறுபடி இணைத்தால் புதிய சாவி பழையதன் மேல் எழுதப்பட்டுவிடும்.

இனி விசைப்பலகையின் பக்கம். நிம்மதி தரும் செய்தி என்னவென்றால், கணினி நீக்க மறுத்தாலும் தங்கையின் டேப்லெட்டோடு இணைக்க அது தடையே அல்ல. உங்கள் விசைப்பலகையின் மூன்று மாற்று விசைகளும் மூன்று தனி இடங்கள். கணினி எந்த இடத்தில் பதிவாகியிருக்கிறதோ அதே விசையைச் சில நொடிகள், பல மாதிரிகளில் 3 நொடி, விடாமல் அழுத்தியிருந்தால் அதன் விளக்கு வேகமாகச் சிமிட்டத் தொடங்கும். மெதுவாகச் சிமிட்டினால் பழைய கருவியைத் தேடுகிறது என்று பொருள். வேகமாகச் சிமிட்டினால் புதிய கருவியை ஏற்கத் தயாராகிவிட்டது. அந்த நிலையில் டேப்லெட்டை இணைத்தால் அந்த இடத்தில் இருந்த கணினியின் சாவி அழிந்து டேப்லெட்டின் சாவி ஏறிவிடும். அதன்பின் கணினியின் பட்டியலில் பெயர் கிடந்தாலும் அது வெறும் பெயர்தான்; பயன்படுத்த ஏதுமில்லை. மற்ற இரண்டு இடங்களிலும் உங்கள் கைப்பேசியையோ வேறெதையோ எப்போதாவது பதிந்திருந்தால் அவற்றின் மேலும் இவ்வாறே புதியதை எழுதிவிடுங்கள். சில மாதிரிகளில் மொத்தமாக அழிக்கும் வழியும் உண்டு: லாஜிடெக்கின் எம்எக்ஸ் கீஸ் விசைப்பலகையில் எஸ்கேப், ஓ (O எழுத்து), எஸ்கேப், ஓ, எஸ்கேப், பி (B எழுத்து) என்று வரிசையாக அழுத்தினால் விளக்குகள் பலமுறை மின்னி மூன்று இடங்களும் காலியாகும். உங்கள் மாதிரிக்கு அப்படி ஏதேனும் உண்டா என்பது அதன் கையேட்டில் இருக்கும்.

பெயர் மட்டும்தானே, கிடந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடலாமா என்றால், தங்கை என்பதால் விடலாம். அந்நியருக்கு விற்பதாக இருந்தால் விடக்கூடாது. சாவி இரு பக்கமும் இருக்கும்வரை, அந்த விசைப்பலகை அலைவரம்புக்குள் வந்தால் உங்கள் கணினியில் தட்டச்சு செய்யும் உரிமை அதற்கு இருக்கிறது. சாவியைக் கருவிக்குள்ளிருந்தே உருவியெடுக்கும் சாத்தியமும் கற்பனையல்ல: ஆப்பிளின் மேஜிக் கீபோர்டைக் கையில் வைத்திருப்பவர் அதிலிருந்து பேரிங் சாவியை எடுத்துப் புளூடூத் போக்குவரத்தைக் கவனிக்க முடியும் என்ற குறையைச் சரிசெய்ய, அந்த நிறுவனம் 2024 ஜனவரியில் 2.0.6 என்ற ஃபர்ம்வேரை (கருவிக்குள்ளேயே இருக்கும் மென்பொருளை) வெளியிட்டது. ஆகவே விற்பவர்கள் இரண்டு பக்கமும் அழித்த பிறகே கொடுக்க வேண்டும்.

உங்கள் கணினியில் விண்டோஸோடு லினக்ஸும் போட்டிருந்தால் ஒரு வார்த்தை. இரண்டு இயங்குதளங்களுக்கும் அடாப்டர் ஒன்றே, முகவரியும் ஒன்றே. ஆனால் விசைப்பலகை ஓர் இடத்தில் ஒரு சாவியைத்தான் வைத்திருக்கும் என்பதால், லினக்ஸில் அதே இடத்தில் இணைத்ததும் விண்டோஸின் பேரிங் செல்லாக்காசாகிவிடும். பட்டியலில் பெயர் இருக்கும், இணைப்பு மட்டும் ஒருபோதும் ஏற்படாது. இதை நீக்க மறுக்கும் கோளாறு என்று எண்ணி ரெஜிஸ்ட்ரிவரை போக வேண்டியதில்லை. மாற்று விசைகள் உள்ள விசைப்பலகையில் விண்டோஸுக்கு ஓர் இடமும் லினக்ஸுக்கு இன்னோர் இடமும் ஒதுக்கிவிட்டால் பெரும்பாலும் சிக்கல் தீரும்.

டேப்லெட்டில் இணைக்கும்போது, முதலில் கணினியின் புளூடூத்தை அணைத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் மீண்டும் போட்டுக்கொள்ளலாம். டேப்லெட்டின் திரையில் 6 இலக்க எண் ஒன்று வந்தால், அதை விசைப்பலகையில் தட்டி என்டர் விசையை அழுத்த வேண்டும். தட்டும்போது திரையில் எதுவும் தெரியாமல் இருக்கலாம். வேலை செய்யவில்லை என்று நினைத்துப் பாதியில் நிறுத்தாமல் எண் முழுவதையும் தட்டி முடிக்கச் சொல்லுங்கள்.